நடந்தது காணும்

எங்கள் ஊரில் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். நான் திண்டுக்கல்காரி. தை பிறந்துவிட்டால் எங்கள் ரோட்டில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். திண்டுக்கல்லில் இருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். காரைக்குடிப் பக்கமிருந்து நகரத்தார் காவடி தூக்கி வருவார்கள். அவர்களுக்கு அது இன்னும் பல நாள் நடை. அம்மா வாசலில் அண்டா வைத்து நீர்மோர் ஊற்றுவார். அந்தக் கால்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். வேண்டுதல் இருந்தால் நடப்பாங்க, பஸ் இல்லாவிட்டால் நடப்பாங்க, டாக்டர் சொன்னால் நடப்பாங்க. சும்மா யாராவது நடப்பாங்களா?

ஜெர்மனிக்கு வந்தபிறகுதான் சும்மா நடப்பவர்களைப் பார்த்தேன். அதற்கு "வாண்டர்ன்" என்று ஒரு பெயர், தனிக் காலணி, தனிப் பை, தனித் தொப்பி. மரத்துக்கு மரம் வழிக்குறி வரைந்து வைத்திருப்பார்கள். அந்தக் குறிகளைப் புதுப்பிப்பதற்கென்றே ஊர் ஊராகச் சங்கம் உண்டு. எங்கள் பகுதியில் ஐஃபெல் மலைச் சங்கம் 1888-ல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. நிஜமாகவே நடக்கிறது!

ஆஹெனுக்கு வந்த புதிதில் நான் இதையெல்லாம் கிண்டல் பண்ணியவள்தான். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை நடக்காவிட்டால் எனக்கே என்னவோ போல இருக்கிறது. ஐஃபெல்ஸ்டைக் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஹெனை ஒட்டிய கோர்னெலிமுன்ஸ்டரில் தொடங்கி, காடும் மலையும் எரிமலைப் பகுதியும் தாண்டி, ட்ரியர் நகரம்வரை போகும் நடைபாதை அது. மொத்தம் 313 கிலோமீட்டர், 15 கட்டங்கள். 2009-ல் திறந்தார்கள். முழுவதையும் ஒரே மூச்சில் நடப்பவர்களும் உண்டு. எங்களைப் போன்ற குடும்பஸ்தர்கள் ஒவ்வொரு கட்டமாகத் தவணை முறையில் நடப்போம்.

எங்கள் குழுவில் நானும் வீட்டுக்காரரும், இங்கே ஆராய்ச்சி படிக்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா (எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற டீச்சர், ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் போய் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்), அப்புறம் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் மகளும். அக்காவின் கணவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், மட்டும் நடக்க வரமாட்டார்.

வரமாட்டார் என்றால் வராமலும் இருக்கமாட்டார். நாங்கள் முடிக்கும் இடத்தில் காரோடு நிற்பார். பிளாஸ்கில் தேநீர், டப்பாவில் சுடச்சுட மட்டன் ரோல்ஸ். "வாங்கண்ணே, ஒரு நாளாவது நடங்க" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன். அவரும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வார்.

"நான் நடந்தது காணும், தங்கச்சி."

எங்கள் தமிழில் 'காணும்' என்றால் கண்ணில் படும் என்று அர்த்தம். அவர்கள் தமிழில் 'போதும்'. இந்த வித்தியாசம் புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. புரிந்த பிறகும், சோம்பலுக்கு அண்ணன் கண்டுபிடித்த அழகான சாக்கு என்றுதான் நினைத்தேன். "கார் அண்ணன்" என்று பெயரே வைத்துவிட்டோம். இதே பத்தியில் ஒருமுறை அவரைக் கிண்டலடித்து எழுதியும் இருக்கிறேன். சிலருக்கு நினைவிருக்கலாம்.

அந்த அண்ணன் போன மாதம் நடக்க வந்தார்.

மகளால் வந்தது. 18 முடிந்து, பள்ளிப் படிப்பும் முடிந்து, இலையுதிர் காலத்தில் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். "போறதுக்கு முதல் என்னோடை ஒருக்கா நடவுங்கோ அப்பா" என்று கேட்டாளாம். அண்ணன் இரண்டு நாள் பதில் சொல்லவில்லையாம். மூன்றாம் நாள் நிலவறைக்குப் போய் ஒரு ஜோடி மலைக் காலணியைத் தேடி எடுத்து வந்தாராம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தள்ளுபடியில் அக்கா வாங்கிக் கொடுத்தது. பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

நாங்கள் அப்போது நாலு கட்டம் முடித்திருந்தோம். அண்ணனுக்காக மறுபடியும் முதல் கட்டத்திலிருந்து தொடங்கினோம். கோர்னெலிமுன்ஸ்டரில் இருந்து ரோட்கென் வரை, சுமார் 14 கிலோமீட்டர்.

ஆஹெனிலிருந்து மொன்ஷாவ் போகும் பஸ் கோர்னெலிமுன்ஸ்டர், ரோட்கென் இரண்டையும் தொட்டுக்கொண்டு போவதால் இந்தக் கட்டத்துக்குக் காரே தேவையில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இண்டே ஆற்றோரம் பழைய கல்வீடுகளும் பெரிய மடாலயக் கோயிலும் கண்ணில் படும். இந்த மடம் 814-ல் உண்டானது. கார்ல் பேரரசர் இறந்த அதே வருடம், அவருடைய மகன் லூட்விக், பெனடிக்ட் என்ற துறவிக்காகக் கட்டிக் கொடுத்தது. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியபோது இடுப்பில் கட்டியிருந்த துணி என்று ஒன்றை இங்கே காத்து வருகிறார்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் காட்டுவார்கள். அதைப் பார்க்க மக்கள் நூற்றாண்டுகளாக நடந்தே வந்திருக்கிறார்கள். ஜெர்மன் டீச்சரம்மா இதைச் சொன்னபோது, "அப்ப இதுவும் பழனிதான்" என்றார் கோயம்புத்தூர்த் தம்பி.

இண்டே பார்ப்பதற்குச் சாதுவான ஆறு. நம்ம ஊர்க் கணக்கில் ஓடை என்றே சொல்லலாம். ஆனால் 2021 ஜூலை வெள்ளத்தில் இந்த ஆறுதான் ஊருக்குள் புகுந்து வீடு, கடை, உணவகம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஸ்டோல்பெர்க் இன்னும் மோசமாக அடிபட்டது. அந்த வாரம் டீச்சரம்மாவும் அக்காவும் இங்கே வந்து சேறு அள்ளியிருக்கிறார்கள். அவர்கள் இருவரும் சிநேகிதமானதே அந்தச் சேற்றில்தான்.

ஊரைத் தாண்டினால் பாதை ஆற்றோடு போகிறது. இந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. வால்ஹைம், ஹான் பக்கமெல்லாம் பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் இருக்கின்றன; இன்று பாசி படிந்த கோட்டை மாதிரி நிற்கின்றன. மே மாதம் ஆனதால் பீச் மரங்களில் புதுத் தளிர், வெயில் பட்டால் பச்சைக் கண்ணாடி போல இருந்தது. எதிரில் வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்கிறார்கள். ஆஹென் கடைத்தெருவில் முகம் பார்க்காமல் போகிற அதே மனிதர்கள்தான்! காட்டுக்குள் வந்தால் எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வருமோ.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மகளுக்குப் பின்னால், தலையைக் குனிந்து, கீழே பார்த்தே நடந்தார். நடை நன்றாக இருந்தது, மூச்சு வாங்கவில்லை. ஆனால் பாதை ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்களில் எல்லாம் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்து, எண்ணினார். நாங்கள் ஏழு பேர். முதல் தடவை எண்ணியபோது, "ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற வாத்தியார் மாதிரி இருக்கீங்க அண்ணே" என்றேன். அண்ணன் சிரித்தார், ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை.

ஒரு ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். டீச்சரம்மா வழக்கம்போல வெண்ணெய் தடவிய கருப்பு ரொட்டி, ஒரு ஆப்பிள், அவித்த முட்டை. எனக்கும் அவருக்கும் பத்து வருடமாகப் பண்டமாற்று: பாதி ரொட்டிக்கு ஒரு கிண்ணம் புளியோதரை. அக்கா ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். ஆறிப்போயிருந்தது. கார் அண்ணன் இல்லாத குறை அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஏற்றம். காட்டுக்குள் ஏறிப்போனால் ஸ்ட்ருஃபெல்ட் என்கிற திறந்த மேட்டுநிலம். ஹோஹெஸ் ஃபென் சதுப்பு மேட்டின் விளிம்பு இது. மரம் குறைந்து, புல்லும் புதரும் ஊறிய மண்ணுமாக இருக்கும். மண்ணும் செடியும் கெடாமல் இருக்க, மேலே பலகை பரப்பிப் பாதை போட்டிருக்கிறார்கள். தெளிந்த நாளில் வடக்கே ஆஹென் சமவெளி நன்றாகத் தெரியும். அன்று மேகம் மூடி, மெல்லிய தூறல் பிடித்துக்கொண்டது.

பலகையில் பாதி தூரம் போயிருப்போம். பின்னால் 'சப்' என்று ஒரு சத்தம். அண்ணனுடைய வலது காலணியின் அடிப்பாகம் முழுசாகக் கழன்று, பலகையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாலடி போவதற்குள் இடது பக்கமும் வாயைத் திறந்தது.

இதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். புதுசாகவே இருந்தாலும், பல வருடம் போடாமல் வைத்த மலைக் காலணியை நம்பக்கூடாது. அடிப்பாகத்துக்கு நடுவில் இருக்கும் பாலியூரிதேன் நுரை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒரு நாள் ஏற்றத்தில் போட்டு நடந்தால் கேக் மாதிரி உதிர்ந்துவிடும். போட்டு நடந்துகொண்டே இருந்தால்தான் நுரை இறுகி, ஈரம் வெளியேறி, அதிக நாள் உழைக்கும். பெட்டியில் பத்திரமாக வைத்ததுதான் அண்ணன் செய்த தப்பு.

எல்லோருக்கும் சிரிப்பு. கோயம்புத்தூர்த் தம்பி போட்டோ எடுக்கப் போனார். டீச்சரம்மா பையிலிருந்து அகலமான ஒட்டுப்பட்டை ஒரு சுருள் எடுத்தார். அவர் பையில் இல்லாத பொருள் கிடையாது. பாதையோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அண்ணனை அதில் உட்கார வைத்து, மகள் முன்னால் மண்டியிட்டு, காலணியோடு சேர்த்துப் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கழன்ற அடிப்பாகத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் செருப்பு அறுந்தது."

"எண்டைக்கு அப்பா?" என்றாள் மகள், தலை நிமிராமல்.

"நாவற்குழிப் பாலத்திலை."

அண்ணனுக்கு ஜெர்மன் நன்றாகவே வரும். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார். அன்று ஏனோ தமிழில்தான் சொன்னார். டீச்சரம்மாவுக்காக மகள் ஒவ்வொரு வாக்கியமாக ஜெர்மனில் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவளும் இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

1995 அக்டோபர் 30. அண்ணனுக்கு வயது 18. வீடு நல்லூரில். ராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து, எல்லோரும் உடனே வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் போகச் சொன்னது. ஒரே இரவில் வலிகாமமே எழும்பியது. லட்சக்கணக்கான சனம். போவதற்கு வழி நாவற்குழி. அங்கே கடல்நீரேரி மேல் ஒரு பாலம். மழை வேறு.

"சைக்கிள் கரியரிலை அம்மம்மாவை இருத்தி, நான் உருட்டிக்கொண்டு நடந்தன். அம்மாவும் தங்கச்சியும் பின்னாலை. ஒரு அடி வைக்கிறது, நிக்கிறது. ஒரு அடி வைக்கிறது, நிக்கிறது. நிண்டு நிண்டு போனால் ஆக்கள் துலைஞ்சு போயிடுவினம் எண்டு ஒவ்வொருக்காலும் திரும்பிப் பாத்து எண்ணுவன். பாலத்திலை ஆரோ மிதிச்சு என்ரை செருப்பு வார் அறுந்திட்டுது. குனிஞ்சு எடுக்கேலாது. குனிஞ்சால் சனம் மேலாலை ஏறிப் போயிடும்."

மகள் சுற்றிக்கொண்டிருந்த பட்டை பாதியில் நின்றது.

"அம்மம்மா தன்ரை செருப்பைக் கழட்டித் தந்தா. 'நான் சைக்கிளிலைதானை இருக்கிறன், எனக்கென்னத்துக்குச் செருப்பு' எண்டு. சின்னக் கால் அவவுக்கு. என்ரை குதிக்கால் முழுக்க வெளியிலை. அதோடைதான் சாவகச்சேரி மட்டும் போனன். விடிஞ்சு, அடுத்த நாள் மத்தியானமும் ஆகிட்டுது."

அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். அம்மம்மா தினமும், "வீட்டை எப்ப போறது?" என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது கிழமை அங்கேயே போய்விட்டார்.

மகள் இந்த இடத்தை ஜெர்மனில் சொல்லவில்லை. டீச்சரம்மாவும் கேட்கவில்லை. மகள் குனிந்து, விட்ட இடத்திலிருந்து பட்டையைச் சுற்றி, கிழித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். "இறுக்கமா இருக்கோ அப்பா?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, சரியா இருக்கு" என்றார்.

அக்கா தள்ளிப்போய் நின்று சமவெளிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடை என்றால் எனக்குப் பழனிப் பாதை, அம்மாவின் நீர்மோர். அதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இந்த மனிதரைச் சோம்பேறி என்று கேலி செய்திருக்கிறேன். "அண்ணே, எனக்குத் தெரியாது" என்றேன். "நான் சொல்லேல்லைத்தானை, தங்கச்சி. நீர் என்னண்டு அறியிறது?" என்றார். அவர் என்னைச் சமாதானம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

மறுபடி நடந்தோம். ஒட்டுப்பட்டைக் காலணி தாங்கியது. ஸ்ட்ருஃபெல்ட் தாண்டி இறங்கினால் ட்ரைலேகர்பாஹ் அணை. 1909 முதல் 1911 வரை கட்டிய அணை. ஆஹென் வட்டாரத்துக்குக் குடிநீர் இங்கிருந்துதான். குளிக்கவோ படகு விடவோ விடமாட்டார்கள். சுற்றிலும் காடு, கரிய தண்ணீர், தூறல் விழும் வட்டங்கள். நம் வீட்டுக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான் என்று தெரிந்தபின், பாத்திரம் விளக்கும்போது எனக்கு அடிக்கடி இந்த இடம் நினைவுக்கு வரும்.

அணையோரம் நடக்கும்போது டீச்சரம்மா அண்ணனோடு சேர்ந்துகொண்டார். நான் ஒரு எட்டு பின்னால்.

1944 செப்டம்பரில் அமெரிக்கப் படை பெல்ஜியம் பக்கமிருந்து வந்தது. நாங்கள் போய்ச் சேரப்போகும் ரோட்கென்தான் ஜெர்மனியில் அவர்கள் கைப்பற்றிய முதல் ஊர். நாள் செப்டம்பர் 12. டாங்கிகளைத் தடுக்க ஜெர்மன்காரர்கள் கட்டிய கான்கிரீட் பற்கள் இன்றும் அந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் வரிசையாக நிற்கின்றன. நடுவில் மாடு மேயும். ஆஹென் நகரத்தையே காலிபண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில், அக்டோபர் 21-ல் நகரம் விழுந்தபோது சில ஆயிரம் பேரே மிச்சம்.

வெளியேறியவர்களில் டீச்சரம்மாவின் அம்மாவும் ஒருவர். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. ஒரு கைவண்டி, இரண்டு தம்பிகள், கிழக்கே நடை. திரும்பி வந்தபோது தெருவே இல்லை.

"அப்ப உங்கடை அம்மாவும் அதுக்குப் பிறகு நடக்கமாட்டாவோ?" என்று அண்ணன் கேட்டார், இந்தத் தடவை ஜெர்மனில்.

டீச்சரம்மா சிரித்துவிட்டார். "ஐயோ, எதிர்மாறு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களை இழுத்துக்கொண்டு இதே காட்டுக்கு வருவாள். எனக்குப் பிடிக்காது, அழுவேன். ஒரு நாள் கேட்டேன், ஏன் இப்படி நடக்கவேண்டும் என்று. அன்றைக்கு எங்கே போகவேண்டும் என்று வேறு யாரோ சொன்னார்கள், இன்றைக்கு எங்கே திரும்பவேண்டும் என்று நான் சொல்கிறேன் என்றாள்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஆமாம், இல்லை எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போய், "இங்கை மீன் இருக்குமோ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் கதையும் அண்ணனின் கதையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் போரைத் தொடங்கியது யார் என்று டீச்சரம்மாவே தன் மாணவர்களுக்கு முப்பது வருடம் பாடம் நடத்தியவர். அவருடைய அம்மா திரும்பிவந்து அதே ஊரில் வீடு கட்டினார். அண்ணனின் நல்லூர் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஆனால் அந்த அணைக்கரையில் அவர்கள் இரண்டுபேரும் பேசிக்கொண்ட மாதிரி நாங்கள் யாரும் அண்ணனிடம் பேசியதில்லை.

ரோட்கென் வந்தது. அங்கே ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஃபென்பான் ரயில்பாதை இப்போது சைக்கிள் பாதை. ஆஹெனிலிருந்து லக்சம்பர்க் வரை 125 கிலோமீட்டர். முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் உடன்படிக்கைப்படி அந்தத் தண்டவாளம் பெல்ஜியத்துக்குப் போனது. ரயில் நின்றும் நிலம் திரும்பி வரவில்லை. அதனால் ரோட்கெனில் அந்தப் பாதை மட்டும் இன்றும் பெல்ஜியம்! இந்தப் பக்கம் ஜெர்மனி, நாலு எட்டு பெல்ஜியம், அந்தப் பக்கம் மறுபடி ஜெர்மனி. காவலும் இல்லை, கதவும் இல்லை.

அண்ணன் அதன் நடுவில் நின்று, கீழே பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "பாஸ்போட் கொண்டு வரேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் வழக்கம்போல் எண்ணினார். ஏழு.

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி மகள் போனில் எதையோ தேடினாள். "அப்பா, நல்லூரிலையிருந்து சாவகச்சேரி கிட்டத்தட்ட இவ்வளவு தூரம்தான். இண்டைக்கு நாங்கள் நடந்த அளவு." எங்களுக்கு, சாப்பாடு, ஒட்டுப்பட்டை எல்லாம் சேர்த்து, ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் போனை வாங்கி அந்த வரைபடத்தைப் பெரிதாக்கி, ரோட்டில் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். பஸ் வந்துவிட்டது.

இந்தக் கட்டத்தை நீங்களும் குடும்பத்தோடு நடக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாராளமாக நடப்பார்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்; காட்டுக்குள் கடை கிடையாது. ஸ்ட்ருஃபெல்ட் பலகை ஈரத்தில் வழுக்கும். சனி, ஞாயிறில் பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உண்ணி பாருங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னால். இருந்தால் அழுத்தாமல் இடுக்கியால் நேராக இழுத்தெடுங்கள். சில நாள் கழித்துக் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், காலணியைப் பெட்டியிலிருந்து எடுத்து வளைத்துப் பாருங்கள்.

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதும். பேர் போடாதையும்" என்றார். 'கார் அண்ணன்' என்று இனி எழுதமாட்டேன் என்று சொன்னேன். "ஏன், அது நல்ல பேர்தானை" என்றார்.

அடுத்த கட்டம் ரோட்கெனில் இருந்து மொன்ஷாவ், சுமார் 17 கிலோமீட்டர். வருவாரா என்று நான் கேட்கவில்லை. பத்து வருடம் கேட்டது காணும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா போன் பண்ணினார். பின்னால் கடைச் சத்தம் கேட்டது. "தங்கச்சி, நாங்கள் சப்பாத்துக் கடையிலை நிக்கிறம். டீச்சரிட்டைக் கேட்டுச் சொல்லும், மலைச் சப்பாத்து ஒரு அளவு கூடவோ வாங்கோணும்? இவர் போட்டுப் போட்டுப் பாக்கிறார். காணாது காணாது எண்டுறார்."

பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கவேண்டும் என்று சொன்னேன்.